வாரத்தில் ஒரே நாள்!

கீமோ மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கும் பொறுப்பு

நம் ஊர் மருந்துச் சீட்டில் ஒரு கணக்கு உண்டு. 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. 1-1-1 என்றால் மூன்று வேளை. பள்ளிக்கூடமே போகாத பாட்டிகூட இந்த மூன்று எண்களைப் பார்த்து மாத்திரையைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சளிக்கும் காய்ச்சலுக்கும் இந்தக் கணக்கு போதும். ஆனால், அதில் கிழமைக்கு இடமில்லை. ‘செவ்வாய்க்கிழமை மட்டும்’ என்பதை காலை, மதியம், இரவு என்ற மூன்று கட்டங்களுக்குள் எழுத வழியே கிடையாது.

மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை இந்தக் கட்டங்களுக்குள் அடங்காதது. ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டுவரும் குழந்தைகளுக்கும், முடக்குவாதத்தால் விரல் மடங்கிப்போனவர்களுக்கும், சோரியாசிஸ் நோயாளிகளுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். மாத்திரையாக எடுக்கும்போது பெரும்பாலும் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். அந்த அளவையே தினமும் விழுங்கினால், சில நாட்களில் வாயும் குடலும் புண்ணாகும்; எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி நின்றுபோகும்; உயிரே போகலாம். இது ஏட்டளவு எச்சரிக்கை அல்ல. பிரிட்டனில் நோயாளிகளின் பாதுகாப்புக்கான தேசிய முகமை, 2000-களின் தொடக்கத்தில் அதற்கு முந்தைய பத்தாண்டுகளை அலசியபோது, மெத்தோட்ரெக்ஸேட் தொடர்பான தவறுகளில் 25 பேர் இறந்திருந்தது தெரியவந்தது. 2019-ல் ஐரோப்பிய மருந்து முகமை இதே பிரச்னையைக் கையில் எடுத்து, ‘வாரம் ஒரு முறை’ என்ற எச்சரிக்கையை அட்டையிலும் பெட்டியிலும் கண்ணில் படும்படி அச்சிடச் சொன்னது. 2020-ல் பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தக் கிழமை என்பதையே சீட்டில் முழுதாக எழுதும்படி மருத்துவர்களை அறிவுறுத்தியது.

நம் ஊரிலும் இதைக் கேட்டு வாங்கலாம். சீட்டில் கிழமையின் பெயரைத் தமிழில், கொட்டை எழுத்தில் எழுதித் தரச் சொல்வது நோயாளியின் உரிமை. தயங்கத் தேவையில்லை.

சென்னை மாணவரின் மருந்து

இந்த மருந்தின் வேர் சென்னையைத் தொட்டுப் போகிறது. பீமாவரத்தில் 1895-ல் பிறந்த எல்லப்பிரகட சுப்பாராவ், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழுப் பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழோடுதான் அவர் வெளியே வர வேண்டியிருந்தது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனவர், ஹார்வர்டில் வேலை பார்த்துவிட்டு 1940-ல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கும் வழியை அவருடைய குழு 1945-ல் கண்டுபிடித்தது. அவருடைய சகோதரர் ஒருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்தவர். அந்த நோய்க்கே ஃபோலிக் அமிலம் மருந்தாகப் பயன்பட்டது.

பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையாமல் இன்னும் வேகமெடுத்தது. அப்படியானால் அதைத் தடுத்தால் என்ன என்று அவர் யோசித்தார். ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவம் கொண்டு, அதன் வேலையை நடக்க விடாமல் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தை சுப்பாராவின் ஆய்வகம் செய்து கொடுத்தது. 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாவது நோய் பின்வாங்கியதாக 1948 ஜூனில் ஃபார்பர் எழுதினார். அதுவரை இந்த நோய்க்கு மருந்து என்று எதுவுமே இருந்ததில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தன் 53-வது வயதில் இறந்துபோனார். அமினோப்டெரினை அடுத்து வந்த அதன் உறவுக்கார மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட்.

இந்தப் பழைய கதையில் இன்றைய நோயாளிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. உடலில் வேகமாகப் பெருகும் எந்த செல்லுக்கும் ஃபோலிக் அமிலம் வேண்டும். புற்றுநோய் செல்லுக்கு வேண்டும். ரத்த அணுக்களை உருவாக்கும் மஜ்ஜைக்கும், வாய், குடலின் உள்தோலுக்கும் அதே அளவு வேண்டும். இந்த மருந்துக்கு அவற்றுக்கிடையே வேறுபாடு தெரியாது. நோயை அடக்கும்போதே நோய் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்குகிறது. வாரத்தில் ஒரு நாள் கொடுத்துவிட்டு ஆறு நாள் விடுவது, நல்ல செல்கள் மூச்சு வாங்கி எழுந்திருக்கத்தான். அந்த இடைவெளியும் சிகிச்சையில் சேர்ந்ததே.

ஒன்று தினமும், ஒன்று வாரம் ஒரு முறை

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் அதிகம் காணப்படுவது ஏ.எல்.எல். வளர்ந்த நாடுகளில் இன்று இந்தக் குழந்தைகளில் 10 பேருக்கு ஏறத்தாழ 9 பேர் பிழைத்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் ஊசியும் டிரிப்பும் முடிந்த பிறகு, பராமரிப்பு சிகிச்சை என்ற கட்டம் சுமார் இரண்டு ஆண்டுகள் நீடிக்கும். இதில் பெரும்பகுதி வீட்டில் நடக்கிறது. சென்னை அடையாறிலோ வேலூரிலோ ஃபைலை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுகிறார்கள். அந்த நாளிலிருந்து மருந்து கொடுக்கும் நர்ஸ், அம்மாவோ பாட்டியோதான்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. இந்தக் கட்டத்தில் இரண்டு மாத்திரைகள் முக்கியம். மெர்காப்டோபியூரின், தினமும். மெத்தோட்ரெக்ஸேட், வாரம் ஒரு முறை. இரண்டும் ஒரே பையில் வருகின்றன. இரண்டாவது மாத்திரை பெரும்பாலும் 2.5 மில்லிகிராம் அளவில் இருப்பதால், ஒரு குழந்தைக்கே ஒரே நேரத்தில் ஆறு, ஏழு மாத்திரை கொடுக்க வேண்டிவரும். “ஒரே நேரத்துல ஆறு மாத்திரையா? பச்சப் புள்ள தாங்குமா?” என்று பாட்டி கேட்பார். அன்பில் பிறந்த கேள்விதான். ஆனால், அந்த அன்பு ஆறு மாத்திரையை ஆறு நாளுக்குப் பிரித்துவிட்டால் ஆபத்து. மொத்த அளவு ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை, இந்த மருந்தில் எவ்வளவு என்பதைப் போலவே எத்தனை நாள் என்பதும் தீர்மானிக்கிறது. தினமும் சிறிது சிறிதாக இறங்கும் மருந்து, மஜ்ஜைக்கு ஓய்வே தருவதில்லை.

முடக்குவாத நோயாளிகளின் வீட்டில் குழப்பம் வேறு வகை. பக்கவிளைவைக் குறைக்க அவர்களுக்கு ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதித் தருவார்கள். இரண்டுமே பல நிறுவனத் தயாரிப்புகளில் மஞ்சள் நிறச் சிறு மாத்திரைகள். ஃபோலிட்ராக்ஸ் என்ற பெயரில் இங்கு விற்பது மெத்தோட்ரெக்ஸேட். பெயரைக் கேட்டால் ஃபோலிக் மாத்திரை என்றே நினைக்கத் தோன்றும். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, காகித உறையில் போட்டுக் கொடுக்கும் இடங்களில் மருந்தின் பெயரே போய்விடுகிறது. என்னைக் கேட்டால், இந்த ஒரு மருந்தையாவது அட்டையை வெட்டாமல், பெயர் தெரியும்படி கொடுக்க வேண்டும் என்று அரசு ஆணையே போடலாம். இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும்: முடக்குவாதக்காரருக்கு நல்லது செய்யும் ஃபோலிக் மாத்திரையை, ‘ரத்தம் ஊறும்’ என்று நம்பி ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்கு நாமாகக் கொடுக்கக் கூடாது. ஃபார்பர் முதலில் கண்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. மருந்து கொடுக்கும் பொறுப்பு ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் என்பதும் முன்பே முடிவாகட்டும். வார மாத்திரைக்குத் தனி டப்பா. அதன் மேல் கிழமையின் பெயர். கொடுத்தவுடன் தினசரி காலண்டர் தாளில் பேனாவால் குறி. தாத்தாவின் சர்க்கரை மாத்திரை இருக்கும் பெட்டியில் இது போகவே கூடாது. அந்த நாளில் கொடுக்க மறந்துவிட்டால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தவுடன் குழந்தை வாந்தி எடுத்தாலும் நீங்களாக மறுபடி கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் மருத்துவமனைக்கு ஒரு போன் போதும். அதே சமயம், பயந்துபோய் மாத்திரையை நிறுத்துவதும் தவறு. தினசரி மாத்திரையை அடிக்கடி தவறவிடும் குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

‘கவுண்ட்’ குறையும்போது

புற்றுநோய் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் ஒருவரையொருவர் விசாரிக்கும் முதல் கேள்வி, “கவுண்ட் எவ்வளவு?” என்பதுதான். கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போனால், நம் தோலிலும் குடலிலும் வழக்கமாக வாழும் கிருமிகளே எதிரியாகிவிடும். அப்போது சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது. ஏனென்றால் சீழை உண்டாக்கும் அணுக்களே இல்லை. பெரும்பாலும் வெளியே தெரியும் ஒரே அடையாளம் காய்ச்சல்.

ஆகவே, வீட்டில் ஒரு நல்ல தெர்மாமீட்டர் வேண்டும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் அது அவசரம். நடு இரவானாலும் அவசரம்தான். பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்பது நம் குடும்பங்களின் இயல்பான பழக்கம். இந்த நோயாளியிடம் அது மட்டும் வேண்டாம். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியை நிறுத்தாது. மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் புற்றுநோய் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் காய்ச்சலே வராமல்கூடக் கிருமி பரவலாம். குழந்தை துவண்டு கிடந்தாலோ, கை கால் சில்லிட்டாலோ தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் கிளம்பிவிடுங்கள்.

சிகிச்சை பெறும் மருத்துவமனை பல மணி நேரப் பயணத்தில் இருக்கும் குடும்பங்கள்தான் இங்கே அதிகம். ராமநாதபுரத்துக் கிராமத்திலிருந்து இரவு 11 மணிக்கு வேன் பிடித்துச் சென்னை வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடலாம். ஆகவே, நல்லபடியாக இருக்கும் நாளிலேயே மருத்துவரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்: இந்தக் குழந்தைக்கு என்ன நோய், என்ன மருந்து போகிறது, காய்ச்சல் வந்தால் உடனடியாக எந்த ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும். அதோடு பக்கத்து ஜி.ஹெச்.-க்குப் போனால், முதல் ஊசி அங்கேயே போட்டுவிடுவார்கள், பயணம் பிறகு. மருத்துவமனைகள் தாமாகவே இதை ஒவ்வொரு ஃபைலிலும் வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு தாள்தான், அதைப் போல உயிர் காக்கும் செலவு குறைந்த பொருள் வேறில்லை என்று நம்புகிறேன்.

கவுண்ட் குறைந்த நாட்களில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும், ஆசனவாய் வழியாக எனிமாவோ மாத்திரையோ வைப்பதும் கூடாது. முதலாவதில் ரத்தம் கட்டும். இரண்டாவதில் கிருமி ரத்தத்தில் இறங்கும்.

அம்மையும் சொட்டு மருந்தும்

அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, மருந்து தொடாமல், மூன்று தண்ணீர் ஊற்றும்வரை காத்திருப்பது நம் வழக்கம். ஆரோக்கியமான குழந்தைக்குச் சின்னம்மை பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். கீமோவில் இருக்கும் குழந்தைக்கு அது நுரையீரலுக்கும் மூளைக்கும் போகலாம். வேப்பிலை கட்டுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதே மணி நேரத்தில் மருத்துவமனைக்கும் கிளம்புங்கள். இன்னும் முக்கியமானது, அம்மை வருவதற்கு முந்தைய கட்டம். பக்கத்து வீட்டிலோ வகுப்பிலோ யாருக்காவது போட்டிருக்கிறது, நம் குழந்தை அவர்களோடு விளையாடியது என்று தெரிந்தாலே சொல்லிவிட வேண்டும். தடுக்கும் ஊசியை முதல் நான்கு நாட்களுக்குள் போட்டால் மிக நல்லது. பத்து நாள் வரைகூடப் பலன் உண்டு. ‘ஒன்றும் வரவில்லையே’ என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

போலியோ சொட்டு மருந்து பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள கிருமி. அதை நோயாளிக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். அதே வீட்டில் வளரும் தம்பி தங்கைக்கும் சொட்டு மருந்து கூடாது என்பது தெரியாது. சொட்டு மருந்து எடுத்த குழந்தையின் மலத்தில் அந்தக் கிருமி வாரக்கணக்கில் வெளியேறி, நோயாளிக்குத் தொற்றலாம். தம்பிக்கு ஊசி வடிவத் தடுப்பு மருந்து போடலாம். முகாம் நாளில் வீட்டு வாசலுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் காரணத்தைச் சொன்னால் போதும். தட்டம்மைத் தடுப்பூசி நோயாளிக்குக் கூடாது, உடன்பிறந்தவர்களுக்குப் போடலாம். போட்டே ஆக வேண்டும். ஃப்ளூ ஊசியை வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்வது நல்லது. வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ யாருக்காவது இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். உலகிலேயே காசநோயாளிகள் அதிகம் உள்ள நாடு நம்முடையது.

மெடிக்கல் ஷாப்பில் சொல்ல வேண்டியது

“அண்ணே, உடம்பு வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க.” கடைக்காரர் டைக்ளோஃபெனாக் ஒன்றையும் வேறு இரண்டையும் சேர்த்து உறையில் போட்டுத் தருவார். மெத்தோட்ரெக்ஸேட் உடலை விட்டு வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அந்த வழியை நெருக்கும். மருந்து உள்ளேயே தேங்கும். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் வெகுகாலமாகக் கொடுத்துவரும் செப்ட்ரான் வகை மாத்திரை இன்னும் ஆபத்தானது. அதுவும் ஃபோலிக் அமிலத்தின் வழியிலேயே குறுக்கிடுவதால், இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜை சட்டென்று சரிந்துவிடலாம். இங்கே ஒரு விளக்கம் தேவை. ஏ.எல்.எல். குழந்தைகளுக்கு ஒரு வகை நிமோனியாவைத் தடுக்க, இதே மாத்திரையை வாரத்தில் சில நாட்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரே எழுதித் தருவார். ரத்தப் பரிசோதனையோடு அதைக் கண்காணிப்பார். அதை நிறுத்திவிடாதீர்கள். கடையில் கேட்டு வாங்குவதுதான் கூடாது. யூரிக் அமிலத்துக்கான அலோப்யூரினால், மெர்காப்டோபியூரினின் வீரியத்தைப் பல மடங்கு ஏற்றிவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, எந்த மருத்துவரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், முதல் வாக்கியம் “கீமோ மாத்திரை எடுக்கிறேன்” என்பதாக இருக்கட்டும். நாட்டு மருந்தும் கஷாயமும் இதில் சேர்த்திதான். மெத்தோட்ரெக்ஸேட் கல்லீரலை ஏற்கெனவே சோதிக்கிறது. மது முற்றிலும் ஆகாது, என்ன சேர்கிறதென்று தெரியாத லேகியமும் வேண்டாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். உடலில் நீர் வற்றினால் சிறுநீரகம் சுணங்கும், மருந்து தேங்கும். அப்படியொரு வாரத்தில் மாத்திரை நாள் வந்தால், கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

சாப்பாட்டில் பயம்தான் அதிகம். பச்சையாக எதுவுமே தொடக்கூடாது என்று நாக்கைக் கட்டிப்போடும் கடுமையான பத்தியம், சுத்தமாகச் சமைத்த வழக்கமான உணவைவிடக் கூடுதல் பாதுகாப்பு எதையும் தரவில்லை என்பதே ஆய்வுகளில் கண்டது. ஆவி பறக்கும் இட்லி, கொதித்த ரசம், நன்றாக வெந்த முட்டை, நாமே கழுவித் தோலுரித்த வாழைப்பழமும் ஆரஞ்சும் தாராளமாகக் கொடுக்கலாம். தள்ளுவண்டியில் வெட்டி வைத்த பழம், நேற்றைய சோறு, கொதிக்காத தண்ணீர், சாலையோரச் சட்னி ஆகியவற்றைத் தள்ளிவைத்தால் போதும்.

தொடுபவருக்கும் எச்சரிக்கை

மாத்திரை கொடுப்பவர் கர்ப்பிணியாக இருந்தால் வேறொருவர் கொடுக்கட்டும். கருவைக் கலைக்கவும், பிறக்கும் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கவும் இந்த மருந்தால் முடியும். மாத்திரையை அம்மியிலோ ஸ்பூனிலோ நசுக்காதீர்கள். தூள் காற்றில் பறக்கும். விழுங்க முடியாத குழந்தைக்கு என்ன செய்வது என்பதை மருத்துவமனை மருந்தாளுநரிடம் கேளுங்கள். மருந்து எடுத்த பிறகு இரண்டு நாட்கள் வரை வாந்தி, சிறுநீர் பட்ட துணியைக் கையுறை போட்டு எடுத்துத் தனியாகத் துவையுங்கள். இந்த மருந்தை எடுக்கும் பெண்கள், நிறுத்திய பிறகும் ஆறு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது. ஆண்களும் குறைந்தது மூன்று மாதம் கருத்தடை முறையைத் தொடர வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்காமலே போகும் இளம் தம்பதிகள் அதிகம். மருத்துவர்தான் முதலில் பேச வேண்டும்.

உடல் முதலில் காட்டும் அடையாளம் பெரும்பாலும் வாய்ப்புண். ‘சூடு’ என்று சொல்லி மணத்தக்காளிக் கீரையோடு விட்டுவிடக் கூடாத வாய்ப்புண் இது. காரணமில்லாத வறட்டு இருமல், மூச்சிரைப்பு, கண் மஞ்சள், தோலில் சிவப்புப் புள்ளிகள், ஈறில் ரத்தம் எதுவானாலும் அடுத்த ரத்தப் பரிசோதனை தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்தத் தேதிகளையும் தவறவிட வேண்டாம்; ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் பார்த்துத்தான் அடுத்த அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் முடிவு செய்கிறார்.

கிழமை தப்பிப்போய்த் தினமும் கொடுத்துவிட்டது தெரியவந்தால், குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். லூகோவோரின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஃபோலிக் அமிலத்தின் வேலையை மருந்து மறித்த இடத்துக்கு அப்பால் தொடங்கிவைத்து, மஜ்ஜையை மீட்கும். எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு பலன். நாள் ஆக ஆக அதன் பலன் குறையும். வெறும் ஃபோலிக் மாத்திரை அதற்கு ஈடாகாது. மிச்சமுள்ள அட்டை, சீட்டு, காலண்டர் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய், எந்தெந்த நாளில் எத்தனை மாத்திரை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். யார் தவறு என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பார்கள்.